எஞ்சின் சூடேறுது, டேஷ்போர்டில் விளக்கு எரியுது: சிங்கப்பூரில் கார் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

உறவுக்காரர்கள், பக்கத்து புளோக் நண்பர்கள், தனியார் வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் என்று பல பேர் பல வருடமாக என்னிடம் கேட்டதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாதிக் கேள்விகள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு டேஷ்போர்டு படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்தவை. எல்லோரும் "காடி சூடாகுது" என்று சொல்கிறார்கள், எப்போது சூடாகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. நெரிசலில் நிற்கும்போதா, விரைவுச்சாலையில் ஓடும்போதா, கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயா? பாதி விடை அந்த ஒரு விவரத்தில்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ள பதில்களையும் அப்படியே பிரித்திருக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு வெப்பமானி விளக்கு எரிகிறது. அந்த நிமிடமே என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஏர்கானை அணையுங்கள். அப்புறம் வெப்பநிலைத் திருகை முழுச் சூட்டுக்குத் திருப்பி, காற்றையும் முழு வேகத்தில் வையுங்கள், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். சிங்கப்பூர் வெயிலில் இது கொடுமைதான், ஆனால் காருக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர் (எஞ்சினின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) மாதிரி, எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் ஓரம் கட்டுவதற்குத் தேவையான அந்தச் சில நூறு மீட்டருக்கு மட்டும்தான், பயணத்தைத் தொடர்வதற்கு அல்ல. நின்றதும் எஞ்சினை அணையுங்கள். பானட்டின் ஓரத்தில் ஆவி வந்தால் அதை உடனே தூக்காதீர்கள், விலகி நில்லுங்கள்.

வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்து காற்றில் கரைந்து போனால் அது கூலண்ட் ஆவி, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஆவி. கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ, ரப்பர் கருகும் நாற்றத்தோடு வந்தால் அது புகை. புகை என்றால் எல்லோரையும் இறக்கி, தூரமாகக் கூட்டிப்போய், 995-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். ஓட்டிப் போய்விடலாமா?

வேண்டாம். என் மாமா ஒருவர் தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் பக்கம் வந்துகொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது, வெளிவழியும் கண்ணுக்குத் தெரிந்தது, மூணு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிவிட்டார். உண்மையில் வெடித்திருந்தது ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய், சில பத்து வெள்ளி பொருள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது எஞ்சின் தானாகவே அடங்கிப்போனது. வொர்க்ஷாப்பில் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, மேலே நேர்கோல் ஒன்றைக் குறுக்காக வைத்துக் காட்டினார்கள். கோலுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவு வளைந்திருந்தது. சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கும் பத்து வருட உரிமம்) முடிய ஒரு வருடம் சொச்சம்தான் இருந்தது, இவ்வளவு செலவு செய்து என்ன பயன் என்று காரையே ஒப்படைத்துவிட்டார்.

ஹெட் அலுமினியம், அதற்குக் கீழே உள்ள பிளாக் பல கார்களில் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைத்து நிற்கும் தகடான கேஸ்கட்தான் நசுங்கிக் கிழிகிறது. இதற்கு அரை மணி நேரமெல்லாம் வேண்டாம், கூலண்ட் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே போதும்.

விரைவுச்சாலையிலோ சுரங்கப்பாதையிலோ நின்றுவிட்டால்?

அபாய விளக்குகளைப் போட்டு, முடிந்தவரை இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மீட்புச் சேவை பழுதான காரை விரைவுச்சாலையிலிருந்து பக்கத்தில் குறிக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போய்விடும். இது தெரியாமல் தனியார் இழுவை வண்டிக்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவதுதான் உங்கள் பொறுப்பு, பல காப்புறுதிகளில் அதற்கும் உதவி இருக்கும், பாலிசியைப் பாருங்கள்.

விரைவுச்சாலையில் காருக்கு முன்னும் பின்னும் நின்று பானட்டையும் டிக்கியையும் நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கம் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். உள்ளே நுழையும் முன்பே டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தால் நுழையாமல் வெளிவழியில் இறங்கிவிடுவது மேல்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு. நம்ம ஊர் வெயிலில் குறைந்தது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் திரவம் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும், அந்த நொடியே மொத்தமும் கொதித்து முகத்துக்கு நேராகப் பீறிடும். துணி சுற்றித் திறந்தால் பரவாயில்லை என்பார்கள், நம்பாதீர்கள். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது, இன்னும் காத்திருங்கள்.

அவசரத்துக்குக் குளிர்ந்த தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றுவதும் கூடாது, திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் வெடிப்பு விடும்.

நெரிசலில் நின்றால் மட்டும் சூடாகிறது. ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ஏன்?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், ஃபேன் வேலை செய்யாவிட்டாலும் வெளியே தெரியாது. உட்லண்ட்ஸ் கடற்பாலம் வெறும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும், எல்லாக் கார்களும் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் காரைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஃபேன்தான். தீபாவளி நேரத்து சிராங்கூன் சாலையும் அப்படித்தான்.

இதற்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது ஏர்கான் சூடாக வீசுகிறது, கார் நகர்ந்ததும் மறுபடி ஜில்லென்று ஆகிறது. உடனே ஏர்கானுக்கு கேஸ் அடிக்கக் கொண்டுபோகிறார்கள். ஆனால் ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் ரேடியேட்டரும் முன்னும் பின்னுமாக ஒட்டி நிற்பவை, இரண்டுக்கும் காற்று இழுப்பது அதே ஃபேன்கள்தான். முள் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஏர்கான் உங்களிடம் சொல்லிவிடுகிறது.

சோதிப்பது சுலபம். எஞ்சினைப் போட்டு, ஏர்கானைக் குறைந்த வெப்பத்தில் வைத்து, பானட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏர்கான் கம்பிரசர் வேலை செய்யத் தொடங்கியதும் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள், மலிவானது முதலில். கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும். ஒரு நிமிடம் பார்த்தால் போதும், பார்த்ததும் அணைத்துவிடுங்கள். நிறுத்துமிடத்தில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதற்குச் சிங்கப்பூரில் அபராதம் உண்டு.

நேர்மாறு: நெரிசலில் ஒன்றுமில்லை, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது?

அப்படியென்றால் ஃபேனை விடுங்கள், பெரும்பாலும் கூலண்ட் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம், கீழ்க் குழாய் பழசாகி உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளலாம். வெளிப்பக்கமும் பாருங்கள், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே காய்ந்த இலையும் பூச்சியும் தூசியும் மெத்தை மாதிரி படிந்திருப்பதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இது அதிகம்.

கிளம்பி ஐந்து, பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறது?

கூலண்ட் அளவு சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கும். எஞ்சின் சூடாகி ஏறத்தாழ 80, 90 டிகிரி வந்ததும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. திறக்காவிட்டால் எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டரோ சூடில்லாமல் கிடக்கும். திறந்தபடியே சிக்கினால் எஞ்சின் சூடே ஆகாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், மஞ்சள் எஞ்சின் விளக்கும் வரலாம்.

என் காரில் முள்ளே இல்லை, நீல விளக்கு மட்டும் வருகிறது. அது என்ன?

நீலம் என்றால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று மட்டும்தான் பொருள். காலையில் எரிந்து சில நிமிடத்தில் அணைந்துவிடும். அணையும் வரை ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காதீர்கள், அவ்வளவுதான்.

முள் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கார்களில் அது உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை, ஓட்டுநர் பயப்படாமல் இருக்க ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் முள் நடுவைத் தாண்டி ஒரு கோடு ஏறினாலே அது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, கூலண்ட் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிவிடக்கூடக் கூடும். சிவப்புக்குப் போன முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வாரா வாரம் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒழுகல் இல்லை. எங்கே போகிறது?

மூடிய அமைப்பு அது, குறையவே கூடாது. குறைந்தால் எங்கேயோ போகிறது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ராத்திரி வண்டிக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். நிறமில்லாத, வாடையில்லாத தண்ணீர் முன்பக்கப் பயணி இருக்கைக்கு நேர்கீழே சொட்டியிருந்தால் அது ஏர்கான் தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, ரோஜா, நீலம் என்று நிறமாக, தொட்டால் லேசாக வழுவழுப்பாக இருந்தால் கூலண்ட்.

கீழே விழாமல் சூட்டிலேயே காய்ந்துவிடுவதும் உண்டு. அப்போது தடயம்தான் சாட்சி. ரேடியேட்டரின் பக்கவாட்டில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி வெளிறிய கோடு தெரியும், வாட்டர் பம்புக்குக் கீழே ரோஜா நிறப் பொடி படிந்திருக்கும். கைபேசி விளக்கை அடித்து நிதானமாகப் பாருங்கள். காருக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் இருந்தால் உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது.

கூலண்ட் கீழே தேங்கினால் கழுவி விடுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். நம் புளோக் பூனைகள் நக்கினால் பிழைக்காது.

ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஆயில் அளக்கும் கோலையும் துடைக்காமல் எடுத்துப் பாருங்கள். ஆயில் தே தாரிக் நிறத்தில், நுரை கட்டிய மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியில் மட்டும் கொஞ்சம் பால்நிறப் படலம் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், தினமும் ரொம்பக் குறைந்த தூரம் ஓட்டும் கார்களில் ஈரம் படிந்தும் அப்படி வரும். கோலிலும் இருந்தால்தான் விஷயம்.

புகைபோக்கியில் எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூலண்ட் தொட்டியில் தொடர்ந்து குமிழி, ராத்திரி நின்றிருந்த கார் காலையில் தடுமாறிக்கொண்டு கிளம்புவது, இவையும் அறிகுறிகள். ஆனால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். கூலண்ட் தொட்டியின் வாயில் நீலத் திரவம் உள்ள ஒரு குழலை வைத்துச் சோதிப்பார்கள், எஞ்சினில் எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். சில நிமிட வேலை. அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பைப்புத் தண்ணீர் ஊற்றலாமா? கூலண்ட் எந்த நிறம் வாங்குவது?

நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால், எஞ்சின் ஆறிய பிறகு சுத்தமான தண்ணீர் எதுவும் பரவாயில்லை. வீடு சேர்ந்த பிறகு வடித்துவிட்டு முறையான கூலண்ட் ஊற்றிவிடுங்கள். இங்கே பனி உறைவதில்லை, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, நமக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்று போடுகிறது. டொயோட்டா ரோஜா, ஹோண்டா நீலம் என்று நிறம் பார்த்து வாங்கி, வேறு ரசாயன வகையைக் கலந்தால் உள்ளே கூழ் மாதிரி கட்டிக்கொண்டு ரேடியேட்டரை அடைக்கும். கையேட்டில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். அடர்வு நிலையில் விற்கும் கூலண்டானால் கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும்.

மற்ற விளக்குகளில் எதற்கு உடனே நிற்க வேண்டும், எதற்கு வீடு வரை போகலாம்?

சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் சீக்கிரம் பார், பச்சையும் நீலமும் தகவல். இந்த ஒரு விதி பெரும்பாலும் காப்பாற்றும். சில விளக்குகளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிவப்பு எண்ணெய்க் குவளை: ஆயில் அழுத்தம் இல்லை. வெப்ப விளக்கைவிடவும் அவசரம், பாதுகாப்பான முதல் இடத்திலேயே அணைத்துவிடுங்கள்.

சிவப்பு பேட்டரி: பேட்டரி கெட்டது என்று பொருளில்லை, சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். அது தனியாக எரிந்தால் ஏர்கானை அணைத்துக் கொஞ்ச தூரம் போய்ச் சேரலாம். பேட்டரி விளக்கு எரிந்து, பின்னாலேயே வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது. பல கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட்தான். ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனமானால் சந்தேகமே வேண்டாம், நிறுத்துங்கள்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டே வொர்க்ஷாப்புக்கு நேரம் வாங்கலாம். மின்னினால் வேறு கதை: சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குப் போய் அங்கிருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும். கைப்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு அணையாவிட்டால் ஓட்டாதீர்கள்.

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்குவது பயன்படுமா?

நிச்சயமாக. காரின் கணினியில் இருப்பதைப் படித்துக் காட்டும் சின்னக் கருவி அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டினால் கைபேசியிலேயே கூலண்டின் உண்மையான வெப்பம் எண்ணாகத் தெரியும், முள்ளை நம்ப வேண்டியதில்லை. கார் பதிவு செய்து வைத்த பழுதுக் குறியீட்டையும் படிக்கலாம்: பி0128 என்றால் எஞ்சின் போதுமான சூட்டுக்கு வரவில்லை, பெரும்பாலும் தெர்மோஸ்டாட். பி0117, பி0118 என்றால் வெப்ப சென்சாரின் மின்சுற்று. பி0217 என்றால் எஞ்சின் உண்மையிலேயே அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. குறியீடு சொல்வது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைத்தான், அந்தப் பொருளை உடனே மாற்று என்று அல்ல. படிக்கும் முன்பே அழித்துவிடாதீர்கள், மெக்கானிக்குக்கு அது வேண்டும்.

ஹைபிரிட் காரில் எதைப் பார்ப்பது?

வாடகைக் கார் ஓட்டும் தம்பிகளுக்கு இது முக்கியம். பல ஹைபிரிட்களில் இரண்டு கூலண்ட் தொட்டிகள் இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு. இரண்டையும் பாருங்கள். பெரிய பேட்டரிக்கும் தனி ஃபேன் உண்டு, பின் இருக்கையின் ஓரத்தில் அதற்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். பயணிகள் பை வைத்து அடைப்பதும் தூசி சேர்ந்து வடிகட்டி மூச்சு முட்டுவதும் நாள் முழுக்க ஓடும் கார்களில் சகஜம். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் தொடாதீர்கள், உயர் அழுத்த மின்சாரம்.

பத்துமலைக்கோ கெந்திங் ஹைலண்ட்ஸுக்கோ போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முந்தைய நாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவு, ஆயில் அளவு. அப்புறம் ரப்பர் குழாய்களை விரலால் அமுக்குங்கள், வெடிப்போ உப்பலோ இருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். ஃபேன் சோதனை. பத்து வருடம் தாண்டி சிஓஇ புதுப்பித்த கார் என்றால் குழாய்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது என் பழக்கம், நடுவழியில் இழுவை வண்டிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. கெந்திங் ஏற்றத்தில் கார் நிறைய ஆட்களை ஏற்றியிருந்தால் கியரைக் குறைத்து நிதானமாக ஏறுங்கள், முள் அசைந்தால் ஏர்கானை அணையுங்கள்.

வொர்க்ஷாப்பில் என்ன சொல்வது, என்ன கேட்பது?

"சூடாகுது, பாருங்க" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். "கடற்பாலத்தில் 20 நிமிடம் நின்றபோது ஏறியது, ஓடியதும் இறங்கியது, ஏர்கானும் அப்போது சூடாக வீசியது, கூலண்ட் இந்த அளவில் இருந்தது" என்று சொல்லுங்கள். டேஷ்போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். வொர்க்ஷாப்கள் நிறைந்த சின் மிங்கானாலும் காக்கி புக்கிட்டானாலும் நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள், கைப்பம்பு வைத்து அமைப்பில் அழுத்தம் ஏற்றி எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது. சோதிக்காமலேயே ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் காட்டச் சொல்லுங்கள்.

சரிசெய்த பிறகு மறுநாளே கூலண்ட் குறைந்திருக்கிறது. மறுபடியும் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே மாட்டிய காற்று மெல்ல வெளியேறும்போது அளவு கொஞ்சம் இறங்கும். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் மேல் கோடு வரை நிரப்பி, ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பாருங்கள். ரெண்டு மூணு நாளில் நின்றுவிட்டால் சரி. ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டிருந்தால் திரும்பக் கொண்டுபோங்கள், குறைந்த அளவைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு.